பிலிப்பைன்ஸ் வாள்களையும் ஈட்டிகளையும் இனம் காண்பது எப்படி?

அலகு நெளிந்திருந்தால் "கிரிஸ்". நேராக இருந்தால் "போலோ". ஈட்டியாக இருந்தால் "தலைவேட்டைக்காரர்களுடையது", அதாவது எதிரியின் தலையைக் கொய்பவர்களுடையது. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த பழைய ஆயுதம் ஒன்றின் படத்தை யாராவது இணையத்தில் போட்டால், அநேகமாக இந்த மூன்றில் ஒன்றுதான் பதிலாக வருகிறது. மூன்றுமே ஆளைத் திசைதிருப்பும் பதில்கள். நெளிவே இல்லாத கிரிஸ் வாள்கள் ஏராளமாக உண்டு. போலோ என்பது தனி ஒரு வாளின் பெயர் கிடையாது. வெட்டுக்கத்தி வகைகள் எல்லாவற்றுக்கும் சொல்லும் பொதுப்பெயர். ஈட்டியோ வேட்டைக்கும் காவலுக்கும் சண்டைக்கும் நாடு முழுக்க இருந்த பொருள்.

7,600-க்கும் மேற்பட்ட தீவுகள், நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள நாடு அது. ஒவ்வொரு பகுதிக் கொல்லரும் தச்சரும் தங்கள் ஊர் வழக்கப்படியே ஆயுதம் செய்தார்கள். எனவே கையில் ஒரு வாள் கிடைத்தால் "இதன் பெயர் என்ன?" என்று தொடங்குவதைவிட, "இது எந்த மக்களுடையது?" என்று தொடங்குவது நல்லது. ஊர் தெரிந்துவிட்டால் பெயர் தானாக வந்து சேரும். இந்தக் கட்டுரை அந்த வரிசையில்தான் போகிறது.

## "பழங்குடி வாள்" என்று ஒரே பெட்டியில் போடலாமா?

முதலில் இந்தச் சொல்லைக் கொஞ்சம் விலக்கி வைப்போம். தெற்கே மிண்டனாவ் தீவிலும் சூலு தீவுக்கூட்டத்திலும் வாழும் முஸ்லிம் மக்களைச் சேர்த்து மோரோ என்பார்கள். தௌசுக், மாகின்தனாவ், மரானாவ், யாகான், சாமா எனப் பல இனத்தார் அதில் அடக்கம். இவர்களுக்குச் சுல்தானகங்கள் இருந்தன. சூலு சுல்தானகம் 15ஆம் நூற்றாண்டிலேயே உருவாகிவிட்டது. சீனாவோடும் மலாய் உலகத்தோடும் கடல் வாணிபம் நடத்தியது. வெள்ளிப் பூணும் தந்தக் குமிழும் வைத்த ஒரு சூலு வாள் அரசவையோடு தொடர்புள்ளவரின் உடைமையாக இருந்திருக்கலாம். அதைக் "காட்டுவாசி ஆயுதம்" என்று விற்பது உண்மைக்கும் பொருந்தாது, அந்த மக்களுக்கும் மரியாதை கிடையாது.

நடுவே இருப்பது விசாயத் தீவுகள்: செபு, பனாய், நெக்ரோஸ், சமார், லெய்த்தே. வடக்கே பெரிய தீவு லூசோன். அதன் சமவெளியில் தகாலோக், இலோகானோ போன்ற மக்கள். லூசோனின் வட பகுதி மலைத்தொடரான கோர்டில்லேராவில் பொந்தோக், இஃபுகாவ், கலிங்கா, இத்னெக் ஆகியோர். இவர்களைத்தான் வெளியார் மொத்தமாக இகோரோட் என்கிறார்கள். மிண்டனாவின் உள்நாட்டு மலைகளில் முஸ்லிம் அல்லாத பகோபோ, திபோலி, மண்டாயா முதலிய மக்கள் உண்டு. அவர்களுக்கு லுமாட் என்று பொதுப்பெயர்.

ஆக, மோரோ, விசாயா, லூசோன் சமவெளி, கோர்டில்லேரா, லுமாட் என்று ஐந்து திசைகளை மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஒரு வாளைப் பார்த்ததும் இந்த ஐந்தில் எது என்று சொல்ல முடிந்தாலே பாதி வேலை முடிந்தது.

## முதலில் பிடி, அப்புறம் அலகு

வெட்டும் இரும்புப் பகுதிக்கு அலகு என்று பெயர். எல்லோரும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அலகு ஏமாற்றும். காரணம் எளிது. அலகின் வடிவத்தை அதன் வேலைதான் தீர்மானிக்கிறது. புதர் வெட்டவும் தேங்காய் உடைக்கவும் நுனிப்பக்கம் கனமாக இருக்க வேண்டும். குத்துவதற்கு நுனி ஒடுங்க வேண்டும். இந்தத் தேவை எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்பதால், தொடர்பே இல்லாத இரண்டு தீவுகளில் ஒரே மாதிரி அலகு பிறந்துவிடும்.

பிடியின் தலைப்பகுதியை எப்படிச் செதுக்குவது என்பதில் வேலைக்கு அவ்வளவு பங்கில்லை. கை நழுவாமல் இருந்தால் சரி. பறவைத் தலையாகச் செதுக்கினாலும் முதலை வாயாகச் செதுக்கினாலும் வெட்டு ஒரே மாதிரிதான் விழும். எனவே அங்கே ஊர் வழக்கமும் பரம்பரை ரசனையும் தங்கிவிடுகின்றன. ஒருவர் என்ன சொல்கிறார் என்பதைவிட எந்த இழுவையில் சொல்கிறார் என்பதை வைத்துத்தானே அவர் எந்த ஊர்க்காரர் என்று கண்டுபிடிக்கிறோம்? வாளுக்குப் பிடிதான் அந்த இழுவை.

பார்க்க வேண்டிய வரிசை இது: பிடியின் தலை, பிடியும் அலகும் சேரும் இடம், அதன் பிறகு அலகு, கடைசியாக உறை. பிடியைப் பிற்காலத்தில் மாற்றியிருக்கவும் கூடும். அப்போது பிடி ஓர் ஊரையும் அலகு வேறோர் ஊரையும் காட்டும். அதில் தவறு ஒன்றும் இல்லை. வாள் கைமாறியிருக்கிறது என்று அர்த்தம்.

## கிரிஸ்: நெளிவைத் தாண்டிப் பார்ப்பது

மலேசியா, சிங்கப்பூர் வாசகர்களுக்குக் கிரிஸ் புதிதல்ல. மலாய், ஜாவா நாடுகளின் கிரிஸ் பெரும்பாலும் குத்துவாள். மோரோ கிரிஸ் அதன் உறவுதான். சூலுவில் அதைக் காலிஸ் என்பார்கள். ஆனால் அது வளர்ந்து வாளாகிவிட்டது. அலகு மட்டுமே பொதுவாக 45 முதல் 60 சென்டிமீட்டர் வரை நீளும், இரண்டு பக்கமும் கூர் இருக்கும், வெட்டவும் ஆகும், குத்தவும் ஆகும். முழுக்க நெளிந்தவை உண்டு, பாதி நெளிந்து பாதி நேராகப் போவன உண்டு, முழுக்க நேரானவையும் உண்டு. அப்படியானால் எதை வைத்துக் கிரிஸ் என்கிறோம்?

பிடிக்குப் பக்கத்தில் பாருங்கள். அலகு அங்கே திடீரென்று இரண்டு பக்கமும் அகன்று, ஒரு பக்கம் கூராக நீண்டு நிற்கும். எதிர்ப்பக்கத்தில் யானைத் துதிக்கை சுருண்டது போன்ற ஒரு வெட்டு இருக்கும். இந்த அகன்ற பகுதிக்கு மேலே, அலகுக்குக் குறுக்கே ஒரு பட்டை ஓடும். அதன் பெயர் கங்யா. நெளிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த அமைப்பு இருந்தால் அது கிரிஸ் குடும்பம்.

இந்தக் கங்யாவை நான் மிகவும் விரும்பிப் பார்ப்பேன். வாளின் வயதை அது ஓரளவு சொல்லிவிடும் என்பதே காரணம். பழைய கிரிஸ்களில் கங்யா தனியாக அடித்துப் பொருத்திய இரும்புத் துண்டு. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இரண்டு துண்டும் சேரும் மெல்லிய இடைவெளி கண்ணில் படும். சில சமயம் அதற்குள் பழைய துரு இறங்கியிருக்கும். மிகப் பழையவற்றில் அந்தக் கோடு நேராக ஓடும். பிந்தியவற்றில் ஒரு முனையில் சாய்வாக மடங்கும். 20ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் பெரும்பாலும் துண்டே தனியாக இல்லை. ஒரே இரும்பில் ஒரு கோட்டைக் கீறி, கங்யா இருப்பது போலக் காட்டிவிடுவார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று இருந்தால், சேர்ப்பா கீறலா என்று பழகாத கண்ணுக்கும் தெரிந்துவிடும்.

அடுத்த அடையாளம், கங்யாவிலிருந்து பிடிவரை மடித்துப் பிடித்திருக்கும் உலோகப் பட்டை. ஒன்று இருக்கும், சிலவற்றில் இரண்டு. இதற்கு அசாங்-அசாங் என்று பெயர். பிடிக்குள் மறைந்து போகும் அலகின் வாலைக் காம்பு என்று சொல்லலாம். குத்துவாளுக்குக் காம்பு மட்டும் போதும். ஓங்கி வெட்டும் வாளுக்கு அடி விழும் ஒவ்வொரு முறையும் அலகு பிடிக்குள் திரும்பப் பார்க்கும். அதைத் திரும்ப விடாமல் கட்டிப்போடுவதுதான் அசாங்-அசாங்கின் வேலை. ஜாவா கிரிஸில் இது கிடையாது. எனவே நெளிந்த அலகோடு இந்தப் பட்டையும் கண்ணில் பட்டால் பிலிப்பைன்ஸின் தெற்கு என்று தைரியமாகத் தொடங்கலாம். போர்னியோவின் வடகரையில் சூலுவோடு உறவு கொண்ட மக்களிடமும் இவ்வகை புழங்கியது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிடியின் தலை பெரும்பாலும் கொண்டைக்கிளியின் தலை போல ஒரு பக்கம் கொண்டையும் மறுபக்கம் மூக்கும் நீட்டியிருக்கும். அதன் பெயரும் ககாத்துவா என்ற கிளியின் பெயர்தான்.

## பாரோங், கம்பிலான், பிரா

பாரோங் சூலு தீவுகளின் வாள். தௌசுக், சாமா, யாகான் மக்களுடையது. ஒரு பக்கக் கூர், இலை வடிவம், 30 முதல் 45 சென்டிமீட்டர் அலகு. படத்தில் பார்த்தால் பெரிய சமையல் கத்தி என்று தோன்றும். மேலிருந்து முதுகைப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்: பிடிக்குப் பக்கத்தில் முதுகு தடிமனாக இருந்து நுனி நோக்கி மெலிந்துகொண்டே போகும். அந்தக் கனமும் இலையின் அகலமும் சேர்ந்துதான் அதற்கு அத்தனை வெட்டு வலிமையைக் கொடுக்கின்றன. பிடியின் அடியில் நீளமான வெள்ளிப் பூண், மேலே கொண்டைக்கிளித் தலை. பூண் என்பது மரம் பிளக்காமல் இருக்கச் சுற்றிப் போடும் உலோக வளையம். செல்வாக்கு மிக்கவர்களின் பாரோங்குகளில் அந்தக் கொண்டை மிகப் பெரிதாக, வேலைப்பாட்டோடு இருக்கும்.

கம்பிலான் மாகின்தனாவ், மரானாவ், இரானுன் மக்களோடு சேர்ந்தது. மொத்த நீளம் ஒரு மீட்டரை ஒட்டி வரும். பிடிப்பக்கம் ஒடுங்கி நுனிப்பக்கம் அகன்றுகொண்டே போகும் ஒற்றைக்கூர் அலகு. நுனியில் பல வாள்களில் சின்ன முள் ஒன்று நிற்கும். பிடியின் தலை இரண்டாகப் பிளந்து திறந்த வாய் போல இருக்கும். அது முதலை என்பாரும் உண்டு, நாகம் என்பாரும் உண்டு. சிலவற்றில் முடிக்கற்றைகள் கட்டியிருக்கும்.

இங்கே ஒரு பிரபலமான கதையைச் சரிசெய்ய வேண்டும். 1521 ஏப்ரல் 27 அன்று விசாயாவின் மக்தான் தீவில், ஸ்பெயினுக்காகக் கடற்பயணம் வந்த மகெல்லன் கொல்லப்பட்டது கம்பிலானால் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். உடன் சென்ற பிகஃபெத்தா எழுதி வைத்த குறிப்பில் மூங்கில் ஈட்டிகளும், காலில் விழுந்த பெரிய வெட்டுவாள் ஒன்றும் வருகின்றன. மகெல்லன் இறந்ததைச் சொல்லும் அந்த இடத்தில் கம்பிலான் என்ற பெயர் இல்லை. அது கம்பிலானாக இருந்திருக்கலாம் என்பது பிற்காலத்தவர் ஊகம்.

பசிலான் தீவின் யாகான் மக்களுடைய பிராவை ஒரே பார்வையில் சொல்லிவிடலாம்: பிடியின் தலை கைக்குப் பின்னால் நீண்ட வால் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முன்னோக்கி வளைந்த கனத்த அலகை நீளப் பிடியில் பொருத்தி, கிட்டத்தட்ட கோடாலி போல வீசுவது பனபாஸ். இதுவும் மாகின்தனாவ், மரானாவ் பக்கத்தது.

இதுவரை பார்த்ததில் கொண்டைக்கிளித் தலை, திறந்த வாய், நீண்ட வால் மூன்றும் தெற்கின் பிடிகள். இவற்றில் ஒன்று தெரிந்தால் மோரோ பக்கம் தேடுங்கள்.

## விசாயாவும் லூசோன் சமவெளியும்

இங்கேதான் "போலோ" என்ற சொல் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. வயலில் பகல் முழுக்க வேலை செய்த கத்தியே தேவை வந்தால் ஆயுதமாகவும் மாறியது. 1896இல் ஸ்பெயினுக்கு எதிராக எழுந்த கதிபுனான் புரட்சியாளர்களில் பலர் கையில் இருந்தது போலோதான். 1901 செப்டம்பர் 28 அன்று சமார் தீவின் பலங்கிகா ஊர் மக்கள், ஸ்பெயினுக்குப் பிறகு நாட்டைப் பிடித்த அமெரிக்காவின் படைமுகாமைத் தாக்கியதும் போலோக்களோடுதான்.

ஆனால் பனாய், நெக்ரோஸ் பக்கத்துத் தலிபோங் போன்றவை சண்டையை மனதில் வைத்தே செய்த வாள்கள். அவற்றைக் கண்டுபிடிக்க ஓர் அருமையான சோதனை உண்டு. கூர்ப்பக்கம் உங்கள் கண்ணை நோக்கி வராமல், பக்கவாட்டில் பத்திரமாகச் சாய்த்துப் பாருங்கள். அலகின் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் மட்டும் சரிவாகவும் இருக்கும், தச்சரின் உளியில் உள்ளபடியே. இதை ஒருபக்கச் சாணை என்போம். மோரோ வாள்களில் சரிவு இரண்டு பக்கமும் இருப்பதுதான் வழக்கம். பிடியின் தலையில் பெரும்பாலும் ஏதோ ஒரு விலங்கோ தெய்வமோ வாயைத் திறந்துகொண்டு கீழே பார்க்கும். எருமைக் கொம்பிலோ கெட்டி மரத்திலோ செதுக்கியிருப்பார்கள்.

லூசோன் சமவெளிக் கத்திகளில் ஸ்பானிய வாள்களின் சாயல் தெரியும். விரல்களை மூடிக் காக்கும் வளைந்த இரும்புக் கம்பியோ தகடோ பிடியில் இருக்கும். பிடி கொம்பால் ஆனதாக இருக்கும். விலங்குத் தலை இங்கேயும் தலைகாட்டும் என்பதால், ஒருபக்கச் சாணையையும் கைக்காப்பையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

## மலைநாட்டு ஈட்டியும் கோடாலியும்

கோர்டில்லேராவுக்கு வந்தால் வாள் பின்னால் போய்விடுகிறது. ஈட்டியும் கோடாலியும்தான் முன்னால். 1905இல் பொந்தோக் மக்களைப் பற்றி விரிவான நூல் எழுதிய அமெரிக்க மானுடவியலாளர் ஆல்பர்ட் ஜென்க்ஸ், அங்கே ஈட்டி அலகுகளை முட்களை வைத்தே பிரித்துப் பெயர் சொன்னதைப் பதிவு செய்திருக்கிறார். முள் என்றால் உள்ளே போனதும் வெளியே வராமல் மாட்டிக்கொள்ளும் பின்னோக்கிய கொக்கி. முள்ளே இல்லாத இலை வடிவ அலகு ஃபாங்காவ். இரண்டு பக்கமும் முட்கள் அடுக்கடுக்காக வருவது ஃபல்ஃபெக். தண்டின் மேல்பகுதியில் பிரம்புப் பின்னலோ உலோகப் பூணோ இறுக்கியிருக்கும். அடியில் தரையில் ஊன்ற ஓர் இரும்புப் பூண்.

மோரோ ஈட்டி, சூலுவில் புடியாக், இதிலிருந்து நன்றாக வேறுபடும். அலகு மெலிந்து நீண்டிருக்கும், சிலவற்றில் கிரிஸ் போல நெளியும், முட்கள் பொதுவாக இராது. கழுத்தில் பித்தளையோ வெள்ளியோ பளபளக்கும். ஒரு ஈட்டியைக் கையில் எடுத்ததும் இரண்டு கேள்வி போதும்: முள் உண்டா? கழுத்தைச் சுற்றியிருப்பது பிரம்பா, வேலைப்பாடுள்ள உலோகமா? "சின்ன ஈட்டி" என்று விற்பவற்றில் பல, லூசோனின் ஆயெத்தா மக்களுடைய பெரிய அம்புகள். பின்முனையில் இறகு கட்டிய தடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கோடாலி இன்னும் எளிது. முன்பக்கம் வெட்டும் கூர், பின்பக்கம் நீண்ட ஒரு கொம்பு. கலிங்கா, இத்னெக் பக்கத்தில் அது மெலிந்து, கொம்பு நீண்டு, பார்க்கவே அழகாக இருக்கும். பொந்தோக் கோடாலி அகலமாகவும் கட்டையாகவும் இருக்கும், விறகு பிளக்கவும் இறைச்சி வெட்டவும் தோதானது. பிடியின் நடுவில் கை வழுக்காமல் இருக்க ஒரு சின்ன முளை விட்டிருப்பார்கள். தலைவேட்டை இந்த மலைகளில் நடந்தது உண்மை, அதற்கு இந்தக் கோடாலி பயன்பட்டதும் உண்மை. ஆனால் அதன் அன்றாட வாழ்க்கை வீட்டிலும் தோட்டத்திலும்தான் கழிந்தது. விற்பவர்கள் அந்தப் பகுதியைச் சொல்வதே இல்லை.

லுமாட் ஆயுதங்களில் பித்தளையைத் தேடுங்கள். கோதபாத்தோ பக்கத்துத் திபோலி மக்கள் மெழுகு வார்ப்பு முறையில் பிடியையே பித்தளையில் வார்ப்பார்கள். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறை அது. பிடியில் குட்டி மணிகள் தொங்கும், நடந்தால் ஒலிக்கும். பகோபோ உறைகளில் பாசிமணி வேலை சேரும்.

சுருக்கமாக: மலைக்கு முள்ளும் பிரம்பும், லுமாடுக்குப் பித்தளையும் மணியும்.

## பழையதா, சுற்றுலாப் பொருளா?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சாம்போவாங்கா, பாகியோ போன்ற ஊர்களில் பயணிகளுக்காக ஏராளமான வாள்களும் ஈட்டிகளும் செய்தார்கள். அவற்றைச் செய்தவர்களும் அதே மண்ணின் கைவினைஞர்கள்தான். வீட்டில் மாட்டி வைப்பதில் குறையில்லை. பழையது என்று சொல்லி விலை வைத்தால்தான் சிக்கல்.

சில அடையாளங்கள் உண்டு. அலகு முழுக்க ஒரே தடிமனில், தகட்டை வெட்டி எடுத்தது போல இருந்தால் சந்தேகப்படுங்கள். கையால் அடித்த அலகு நுனி நோக்கி மெலியும். நெளிவுகள் ஓரத்தில் மட்டும் ராவி எடுக்கப்பட்டு, நடுவில் அந்த அசைவே இல்லை என்றால் அது அலங்காரம். பிடி கைக்கு அடங்காமல் பெரிதாக, சிப்பி பதித்து இருப்பதும், அலகிலேயே ஊர்ப் பெயரைப் பொறித்திருப்பதும் பயணிகளுக்காகச் செய்ததைக் காட்டும். வண்டியின் ஸ்பிரிங் பட்டையில் அடித்தது என்பதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிடாதீர்கள். நல்ல எஃகு கிடைக்கும் இடத்திலிருந்து எடுப்பது கொல்லர்களுக்குப் புதிதல்ல, இன்றைய வேலைக்கத்திகள் பலவும் அப்படித்தான் பிறக்கின்றன.

## தெரிந்தவரிடம் கேட்பதற்கு முன்

முழு வாளையும் காட்டும் ஒரே படம் போதாது. பிடியின் தலை இரண்டு பக்கமும், பிடியும் அலகும் சேரும் இடம் மிக அருகில், முதுகு மேலிருந்து, நுனி, உறையின் இரு பக்கம், மொத்த நீளம் சென்டிமீட்டரில். இவ்வளவும் இருந்தால் பதில் சொல்பவருக்கு வேலை எளிது. உறையிலிருந்து உருவும்போது கூர்ப்பக்கத்தைக் கையால் மூடிப் பிடிக்காதீர்கள். பல உறைகள் இரண்டு மரப்பலகைகளைப் பிரம்பால் கட்டியவை. பிரம்பு இற்றுப் போயிருந்தால் அலகு பலகைகளுக்கு நடுவே வெளியே வந்து விரலை வெட்டிவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். பல மோரோ அலகுகளில் வெவ்வேறு இரும்புகளை அடித்துச் சேர்த்த வரிகள் உண்டு. பளபளப்பாக்கினால் அவை மறைந்துவிடும். கொஞ்சம் எண்ணெய் தடவி வைத்தால் போதும். தந்தக் குமிழ் இருந்தால் நாடுவிட்டு நாடு அனுப்புவதற்குச் சட்டத் தடைகள் உண்டு என்பதையும் கவனியுங்கள்.

வாளோடு ஒரு பழைய சீட்டோ, உறையில் மையால் எழுதிய பெயரோ, தேதியோ இருந்தால் அதைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். 1899 முதல் அமெரிக்கப் படையினர் ஆயிரக்கணக்கில் இந்த ஆயுதங்களை நினைவுப் பொருளாக எடுத்துச் சென்றார்கள். அவற்றில் பல, தோற்றவர்களின் உடல்களுக்குப் பக்கத்திலிருந்து எடுத்தவை. 1906 மார்ச்சில் சூலுவின் புத் தாஹோ எரிமலைக் குழிக்குள் பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கான தௌசுக் மக்கள் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டு, அந்தத் தீவு என்று எழுதிய சீட்டு ஒரு பாரோங்கோடு இருக்குமானால், அதைக் கிழித்துவிட்டு வாளை மட்டும் விற்பது அங்கே இறந்தவர்களின் கடைசித் தடயத்தை அழிப்பதாகும். பிடியையும் அலகையும் பார்த்து "தௌசுக், சூலு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்" வரை யார் வேண்டுமானாலும் பழகிச் சொல்லிவிடலாம். யாரிடமிருந்து, எந்த நாளில் எடுத்தது என்பதை அந்தச் சீட்டு மட்டுமே சொல்லும். அதைப் படம் எடுத்து, வாளின் விவரத்தோடு சேர்த்து எழுதி வையுங்கள். வாள் கைமாறும்போது சீட்டும் கூடவே போகட்டும்.